முகவரி பெட்டிக்கா, இடத்துக்கா?

ஒரு பி.எல்.சி.யின் (இயந்திரத்தை இயக்கும் கன்ட்ரோலர்) ஐ.பி. முகவரி, அதாவது வலையில் அதை அடையாளம் காட்டும் எண், அந்தப் பெட்டிக்குச் சொந்தமா, இல்லை பேனலில் அது உட்கார்ந்திருக்கும் இடத்துக்குச் சொந்தமா? ஆட்டோமேஷன் வேலையில் இருப்பவர்களிடம் இதைக் கேட்டால் பெரும்பாலும் ஒரு தோள் குலுக்கல்தான் பதில். முகவரி கொடுப்பது கமிஷனிங்கின், அதாவது இயந்திரத்தை நிறுவி ஓட வைப்பதின், முதல் நாள், காலை டீ வருவதற்குள் முடிந்துவிடுகிற வேலை. லேப்டாப்பை மாட்டி, நான்கு எண்களைப் போட்டு, பிங் அடித்து, பதில் வந்ததும் அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். புரோகிராம் எழுதுவது வேலை, டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) டியூன் செய்வது வேலை. முகவரியை யாரும் வேலையாகவே கணக்கில் வைப்பதில்லை. ஆனால் நான் பார்த்த வரையில், ஓடிக்கொண்டிருந்த லைன் காரணமே தெரியாமல் நின்றுபோகிற நேரங்களில் பலமுறை ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. அப்படி ஒரு நாளுக்குப் பிறகு இந்தக் கேள்வி என்னை விட்டு நகரவே இல்லை.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. ஆயுத பூஜை விடுமுறை முடிந்த மறுநாள். வருடம் முழுவதும் மூன்று ஷிப்டும் ஓடுகிற இடங்களில் ஆயுத பூஜைக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. அன்றைக்குத்தான் மெயின் பிரேக்கரையே இறக்குவார்கள். பேனல்களைத் திறந்து, ப்ளோயர் பிடித்து, தூசி தட்டி, கதவில் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அதாவது, மற்ற நாட்களில் மின்சாரம் போகாத கன்ட்ரோலர்களுக்கும் அன்று முழுதாக மின்சாரம் போகும். யு.பி.எஸ். கூட அணைந்திருக்கும். பூஜை முடிந்து பிரேக்கரைத் தூக்கியபோது எல்லா லைனும் எழுந்தது, ஒரு அசெம்பிளி இயந்திரத்தைத் தவிர. வெளியூர் இயந்திரத் தயாரிப்பாளர் ஒருவர் செய்து கொடுத்தது. வந்து மாதக்கணக்காகி, ஒரு தொந்தரவும் கொடுக்காமல் ஓடிய இயந்திரம். இப்போது அதை ஓட்டுபவர் பார்க்கும் ஹெச்.எம்.ஐ. திரையில் எண்கள் வர வேண்டிய இடங்களில் எல்லாம் வெறும் கேள்விக்குறிகள்.

நான் போய்ச் சேர்வதற்குள் அங்கே ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். ப்ளோயர் காற்றில் கார்டு போயிருக்கும் என்றார் ஒருவர். துடைக்கும்போது ஈரம் பட்டிருக்கும் என்றார் இன்னொருவர். கன்ட்ரோலரையே மாற்றிவிடலாம், ஸ்டோர்ஸில் ஸ்பேர் இருக்கிறதா என்று கேட்டு ஆள் போயிருந்தது. பேனல் முன்னால் டார்ச்சோடு நின்றிருந்த மூத்த எலக்ட்ரீஷியன் மட்டும் நிதானமாக இருந்தார்.

"கேபிள் மாத்திப் பாத்துட்டேன் சார். ஸ்விட்ச்சுல போர்ட்டையும் மாத்திப் பாத்துட்டேன். லிங்க் லைட் நல்லாத்தான் எரியுது. இந்த நெட் லைட்தான் எரியவே மாட்டேங்குது. லைன் ஓடும்போது இது பச்சையா நிக்கும், நான் தினமும் பாக்குறேன்."

"கன்ட்ரோலர் ரன்ல இருக்காண்ணே?"

"ரன்ல இருக்கு சார். அது உசுரோட இருக்கு. யார்கிட்டயும் பேசத்தான் மாட்டேங்குது."

இதைவிடத் துல்லியமாக ஒரு நோயை யாரும் சொல்லிவிட முடியாது. ஈதர்நெட்/ஐ.பி. என்ற தொழிற்சாலை நெறிமுறை பேசும் கருவிகளில் அந்த நெட் விளக்குக்கு ஒரு வரையறுத்த மொழி உண்டு. நிலையான பச்சை என்றால் முகவரி இருக்கிறது, இணைப்பும் இருக்கிறது. மினுக்கும் பச்சை என்றால் முகவரி மட்டும் உண்டு, இணைப்பு இல்லை. நிலையான சிவப்பு என்றால் அதே முகவரியோடு இன்னொருவர் இருக்கிறார். கருவிக்கு மின்சாரம் இருந்தும் இந்த விளக்கு எரியவில்லை என்றால் அதற்கு முகவரியே இல்லை. அவர் மேனுவல் படித்ததில்லை. தினமும் பார்த்த பழக்கத்திலேயே சரியான இடத்தில் விரலை வைத்துவிட்டார்.

இரண்டு கேள்விகள்

லேப்டாப்பை ஸ்விட்ச்சில் மாட்டி, வலையில் ஓடும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்தேன். அந்தத் திரையில் பார்த்ததைத்தான் இன்று வரை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சில நொடிக்கு ஒருமுறை ஒரு செய்தி வந்துகொண்டிருந்தது: 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து 255.255.255.255-க்கு, போர்ட் 68-லிருந்து 67-க்கு. அனுப்புகிறவரின் மேக் முகவரியை, அதாவது தயாரிக்கும்போதே கருவிக்குப் பதித்துவிட்ட எண்ணை, பேனலுக்குள் கன்ட்ரோலரின் லேபிளோடு ஒப்பிட்டால் ஒரு எழுத்து பிசகவில்லை. பூட்பி கோரிக்கை. 'என் மேக் முகவரி இது, எனக்கு யாராவது ஒரு ஐ.பி. முகவரி சொல்லுங்கள்' என்று பிரேக்கரைத் தூக்கிய நிமிஷத்திலிருந்து அந்தக் கன்ட்ரோலர் ஊருக்கே கேட்டுக்கொண்டிருந்தது. பதில் சொல்ல அந்த வலையில் யாருமே இல்லை.

அந்த வரிகளுக்கு நடுநடுவே இன்னொரு வகைக் கோரிக்கையும் ஓடிக்கொண்டிருந்தது. ஹெச்.எம்.ஐ.யும், இரண்டு டிரைவ்களும் ஆர்ப் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தன: '192.168.1.10 யாரிடம் இருக்கிறது?' கன்ட்ரோலர் தன் முகவரி என்னவென்று கேட்கிறது. மற்றவர்கள் அந்த முகவரிக்காரர் எங்கே என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்வியும் பிராட்காஸ்ட், ஒரே ஸ்விட்ச்சில் எல்லா போர்ட்டுக்கும் போய்ச் சேர்கிறது. இவர்கள் கேள்வி அவர் காதில் விழுகிறது, அவர் கேள்வி இவர்கள் காதில் விழுகிறது. ஆனாலும் ஒருவர் கேள்விக்கு இன்னொருவர் பதில் ஆக முடியாது. நெறிமுறையில் அதற்கு இடமில்லை. நான் சற்று நேரம் ஒன்றும் செய்யாமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியனுக்கு வரிகளைக் காட்டி விளக்கியதும், "அப்ப இத்தனை நாள் யாரு சார் பதில் சொன்னது?" என்று கேட்டார்.

அதுதான் சரியான கேள்வி. பதில் சொன்னது கமிஷனிங் செய்ய வந்த இன்ஜினியரின் லேப்டாப். பூட்பி வழியாக முகவரி கொடுக்கும் சிறு மென்பொருளை அவர் ஓட்டியிருக்கிறார். கன்ட்ரோலர் கேட்டதும் பட்டியலில் அதன் மேக் முகவரி வந்திருக்கும். அதை இரட்டைச் சொடுக்கில் திறந்து .10 (192.168.1.10-இன் சுருக்கம்) என்று கொடுத்திருக்கிறார். கன்ட்ரோலர் வாங்கிக்கொண்டது, பிங் வந்தது, இயந்திரம் ஓடியது. அதற்குப் பிறகு செய்ய வேண்டிய ஒன்று பாக்கி இருந்திருக்கிறது: பூட்பியை நிறுத்தி, முகவரியைக் கருவிக்குள்ளேயே நிலையாக எழுதுவது. அந்த மென்பொருளில் அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தாவிட்டாலும் அந்த நிமிஷத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. மின்சாரம் இருக்கும் வரை தெரியாது. லேப்டாப் அவரோடு ஊருக்குப் போய்விட்டது, இரவல் முகவரியோடு இயந்திரம் மாதக்கணக்கில் ஓடியது, ஆயுத பூஜையன்று மின்சாரம் போனபோது இரவலும் போய்விட்டது.

சரிசெய்வது எளிதாகத்தான் இருந்தது. என்ன முகவரி வேண்டும் என்பதை ஹெச்.எம்.ஐ.யே ஆர்ப் கேள்வியில் சொல்லிவிட்டது. அதைக் கொடுத்து, பூட்பியை நிறுத்தி, பிறகு எல்லோரும் தடுத்தும் கேட்காமல் கன்ட்ரோலரின் மின்சாரத்தை ஒருமுறை அணைத்துப் போட்டுக் காட்டினேன். நெட் விளக்கு பச்சையாக நின்றது. ஸ்டோர்ஸுக்குப் போனவர் ஸ்பேர் கன்ட்ரோலரோடு அப்போதுதான் வந்தார். அதை மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். புத்தம் புதிய கன்ட்ரோலரும் முகவரி இல்லாமல் அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கும். பழையது கெட்டுப்போனது என்ற முடிவும் உறுதியாகியிருக்கும்.

பூட்பியைக் குறை சொல்வதற்கில்லை. 1985-இல் ஆர்.எஃப்.சி. 951 என்ற இணைய ஆவணமாக வெளியான நெறிமுறை அது. வட்டு இல்லாத கணினிகள் மின்சாரம் வந்ததும் தன் முகவரியையும், எந்தக் கோப்பிலிருந்து எழ வேண்டும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வதற்காகச் செய்தது. அங்கே பதில் சொல்லும் சர்வர் எப்போதும் இருக்கும் என்பதுதான் அடிப்படை. அதன் மேல் கட்டியதுதான், கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும், பின்னால் வந்த டி.எச்.சி.பி. தொழிற்சாலைக் கருவிகள் அந்த ஏற்பாட்டை, பெட்டியிலிருந்து வந்த கருவிக்கு முதல் முகவரி கொடுக்கும் வசதிக்காக எடுத்துக்கொண்டன. சர்வர் ஒரு பையில் வந்து ஒரு பையில் போய்விடும் என்பதுதான் இங்கே நேர்ந்த மாற்றம்.

டார்ச் அடித்தால் தெரிந்த முகவரி

அன்று இரவு எனக்குத் தூக்கம் வராமல் போனது நடந்த பழுதுக்காக அல்ல. ஈதர்நெட்டுக்கு முன்னால் இந்தக் குழப்பமே ஏன் இல்லை என்ற யோசனையில்.

தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் மோட்பஸ் நெறிமுறை 1979-இல் மோடிகான் நிறுவனத்தில் பிறந்தது. அதில் கருவியின் முகவரி 1 முதல் 247 வரை ஒரே எண். டிவைஸ்நெட்டில் 0 முதல் 63 வரை. புரோஃபிபஸில் 126-க்குள் அடக்கம். இந்த எண்ணைப் பல கருவிகளில் எப்படி வைத்தார்கள்? பக்கவாட்டில் இரண்டு சுழல் ஸ்விட்ச், அல்லது ஒரு வரிசை டிப் ஸ்விட்ச். சின்ன ஸ்க்ரூடிரைவரால் திருப்பினால் முகவரி. டார்ச் அடித்தால் முகவரி தெரியும். கருவி கெட்டால், பழையதைக் கையில் வைத்துக்கொண்டு புதியதில் அதே எண்களுக்குத் திருப்பி மாட்டினால் முடிந்தது. லேப்டாப் வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம், சர்வீஸ் இன்ஜினியரின் தொலைபேசிக்காகக் காத்திருக்க வேண்டாம். செத்துப்போன கருவியிலும் முகவரி எழுதியிருந்தது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, அதை இழந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஐ.பி. முகவரி கருவியின் நினைவகத்துக்குள் போய்விட்டது. கருவி செத்தால் முகவரியும் சேர்ந்து போகும்.

கன்ட்ரோலர் செய்கிறவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. கன்ட்ரோல்லாஜிக்ஸ் என்ற கன்ட்ரோலர் குடும்பத்தின் ஈதர்நெட் கார்டுகளில் மூன்று சுழல் ஸ்விட்சுகள் உண்டு. 001 முதல் 254-க்குள் வைத்தால் முகவரி 192.168.1 வரிசையில் அந்த எண்ணாகிவிடும். 888-இல் வைத்து மின்சாரம் கொடுத்தால் பழைய அமைப்பெல்லாம் அழிந்து ஆலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பும். அந்த மூன்று சக்கரங்களின் அருமை புரியாமல் 999-லேயே விட்டுவிட்டு எல்லாவற்றையும் மென்பொருளில் செய்கிறவர்கள்தான் அதிகம். முகவரி வரிசை வேறாக இருக்கும் ஆலைகளில் அதற்கு நியாயமும் உண்டு. சீமென்ஸ் எஸ்7-1500-இல் வேறு வழி. புரோகிராமும் முகவரியும் மெமரி கார்டில் இருக்கும். செத்த சி.பி.யு.விலிருந்து கார்டைக் கழற்றிப் புதியதில் செருகினால் முகவரியும் கூடவே வந்துவிடும். சுழல் ஸ்விட்ச் கொடுத்த அதே நிம்மதி.

ஐ.டி. நண்பரோடு ஒரு வாக்குவாதம்

இந்தக் கதையை வேறொரு ஆலையின் ஐ.டி. பிரிவில் இருக்கும் நண்பரிடம் சொன்னபோது அவர் தயங்காமல் சொன்னார்: "கருவிக்குள்ள கையால எழுதுறதுதான்பா பிரச்சினையே. எல்லாத்தையும் டி.எச்.சி.பி.ல விடு, மேக் முகவரிக்கு ரிசர்வேஷன் போடு. ஒரே இடத்துல பட்டியல் இருக்கும், யாரும் யாரோட முகவரியையும் எடுக்க முடியாது." அலுவலகத்துக்கு இது நூற்றுக்கு நூறு சரி. கேட்கும்போது எனக்கும் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு வந்தது.

மேக் முகவரிக்கு ஐ.பி. முகவரி ஒதுக்கினால் அது பெட்டிக்கு ஒதுக்குவது. இரவு இரண்டு மணிக்கு ஒரு டிரைவ் எரிந்து, ஸ்டோர்ஸிலிருந்து புதியதை எலக்ட்ரீஷியன் மாட்டினால், புதியதின் மேக் முகவரி வேறு. சர்வர் அதை அறியாது. ஐ.டி.யில் யாரையாவது எழுப்பிப் பட்டியலைத் திருத்தும் வரை லைன் நிற்கும். ரயிலில் பெர்த் எண் அந்தப் படுக்கைக்குத்தான் எழுதியிருக்கிறது, பயணி மாறினாலும் அது அப்படியே இருக்கும். இயந்திரத்தில் முகவரியும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அப்போதுதான் வந்தேன். மூன்றாம் ஸ்டேஷனின் டிரைவ் என்பதுதான் நிலையானது. எந்த டிரைவ் என்பது மாறிக்கொண்டே இருக்கும்.

இதற்கு ஈதர்நெட்டிலேயே வழி இருக்கிறது. சில தொழிற்சாலை ஸ்விட்சுகளில் போர்ட் வாரியாக முகவரி ஒதுக்கலாம். ஐந்தாம் போர்ட்டில் எதை மாட்டினாலும் அதற்கு .25 என்று ஸ்விட்ச்சே டி.எச்.சி.பி. பதில் சொல்லும். புரோஃபிநெட் என்ற நெறிமுறை இன்னொரு கோணத்தில் போகிறது. அங்கே ஃபீல்டு கருவிகளுக்கு அடையாளம் பெயர்தான். கன்ட்ரோலர் எழும்போது பெயரைக் கேட்டுத் தேடி, அந்தப் பெயருக்குரிய முகவரியைத் தானே கொடுக்கிறது. எந்தக் கருவியின் எந்த போர்ட் எதோடு இணைந்திருக்கிறது என்ற வரைபடத்தையும் புராஜெக்டில் கொடுத்திருந்தால், பெயரில்லாத புதுக் கருவியை மாட்டும்போது பக்கத்துக் கருவிகளை வைத்து அது எந்த இடம் என்று கண்டுபிடித்துப் பெயரையும் வைத்துவிடும். முதன்முதலில் இது நடப்பதைப் பார்த்தபோது எனக்கு உண்மையான மகிழ்ச்சி. பழைய சுழல் ஸ்விட்ச்சின் குணம் வலைக்குள் திரும்பி வந்துவிட்டதே என்று.

ஆனால் இந்த இரண்டு வழியிலும் இடம் என்பது கேபிளும் போர்ட்டும்தான். அன்று எலக்ட்ரீஷியன் செய்ததை நினைத்துப் பாருங்கள்: பழுது என்றதும் ஸ்விட்ச்சில் போர்ட் மாற்றிப் பார்த்தார். நல்ல எலக்ட்ரீஷியன் செய்கிற முதல் காரியம் அதுதான். போர்ட் வாரி ஏற்பாட்டில் அதைச் செய்தால் கருவிக்கு வேறொருவர் முகவரி கிடைக்கும், ஒரு பழுது இரண்டாகும். அதனால் இதைச் செய்கிற இடங்களில் போர்ட்டிலும் கேபிளின் இரு முனையிலும் லேபிள் இல்லாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. ஷிப்ட் எலக்ட்ரீஷியன்களுக்கு இதை நேரில் காட்டிச் சொல்லாமலும் கிளம்புவதில்லை.

அப்படியானால் கன்ட்ரோலருக்கும் இதையே செய்யலாமா? அங்கே என் கருத்து வேறு. கன்ட்ரோலரை மாற்றுவது அபூர்வம். பெரும்பாலும் புரோகிராம் ஏற்ற ஒருவர் லேப்டாப்போடு வரத்தான் போகிறார். எனவே அதற்கு நிலையான முகவரி, கருவிக்குள்ளேயே, வெளியே எவரையும் நம்பாமல். மின்சாரம் போய் வரும் காலையில் சர்வர் அறை எழுவதற்கு முன்பே கன்ட்ரோலர் எழுந்துவிடும். அது எவர் பதிலுக்காகவும் காத்திருக்கக் கூடாது. டிரைவ், சென்சார்களை இணைக்கும் ஐ.ஓ. பிளாக், வால்வுகளை இயக்கும் வால்வ் டெர்மினல் போன்றவை இரவில் ஸ்க்ரூடிரைவரோடு வருகிறவர் மாற்றுபவை. அவற்றுக்குச் சுழல் ஸ்விட்ச், இல்லையென்றால் பெயர், அதுவும் இல்லையென்றால் போர்ட். மாற்றப்போகிறவர் யார், அவர் கையில் என்ன இருக்கும் என்பதை வைத்துத்தான் நான் இப்போது தீர்மானிக்கிறேன்.

ஒரே முகவரியில் இரண்டு இயந்திரம்

இடத்துக்குத்தான் முகவரி என்று முடிவு செய்த பிறகும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. எந்த இடம்? இயந்திரத்துக்குள் இருக்கும் இடமா, ஆலைக்குள் இருக்கும் இடமா?

இயந்திரத் தயாரிப்பாளர் ஒரே மாதிரி பல இயந்திரங்கள் செய்கிறார். எல்லாவற்றுக்கும் ஒரே புரோகிராம், ஒரே முகவரிப் பட்டியல். அது சோம்பல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் முகவரி மாற்றினால் ஹெச்.எம்.ஐ., டிரைவ், கேமரா எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும், ஒன்றைத் தவறவிட்டால் பழுது. தனித்தனியாக நிற்கும் வரை சிக்கலும் இல்லை, 1996-இல் ஆர்.எஃப்.சி. 1918 ஒதுக்கிய 192.168 வரிசையை உலகத்தில் யார் வேண்டுமானாலும் மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். உற்பத்தி எண்ணிக்கையை மேலே எடுக்க இரண்டு இயந்திரத்தையும் ஆலை வலையில் சேர்க்கும் நாளில்தான் இரண்டு .10 ஒன்றையொன்று சந்திக்கின்றன. அப்போது வருகிற பழுது மிக மோசமானது, ஏனென்றால் அது நிலையாக இருக்காது. கேட்பவரின் ஆர்ப் அட்டவணையில் (எந்த ஐ.பி. முகவரி எந்த மேக் முகவரியிடம் என்ற பட்டியல்) எந்த மேக் முகவரி கடைசியாக ஏறியதோ அந்த இயந்திரம் பேசும். ஆலையின் இயந்திரங்களைக் கண்காணிக்கும் ஸ்காடா திரையில் முதல் இயந்திரத்தின் பெயருக்குக் கீழே இரண்டாவதின் எண்ணிக்கை ஓடும், சற்று நேரத்தில் மாறும்.

வழக்கமான மருந்து ஒன்றுக்கு ஒன்று நேட், அதாவது நடுவில் நின்று முகவரியை மாற்றிக் காட்டும் ஏற்பாடு. உள்ளே .10 அப்படியே இருக்கும், வெளியே ஆளுக்கொரு முகவரி. வேலை செய்கிறது, ஏற்கெனவே ஓடுகிற இயந்திரங்களுக்கு நானும் அதைத்தான் போடுகிறேன். ஆனால் உள்ளே இருக்கும் கருவிகளில் கேட்வே (வெளி வலைக்குப் போகும் வழியின் முகவரி) எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இயந்திரம் தனியாக ஓடும் வரை கேட்வே இல்லாதது எவருக்கும் தெரியாது. வெளியிலிருந்து கேள்வி உள்ளே வந்துவிடும், பதில் வெளியே போக வழி தெரியாமல் நின்றுவிடும். பூட்பி பொத்தானைப் போலவே, தேவைப்படும் நாள் வரை ஒளிந்திருக்கிற இன்னொரு விடுபடல்.

புது இயந்திரங்களுக்கு இப்போது ஆர்டரிலேயே எழுதிவிடுகிறோம்: இரண்டு தனி ஈதர்நெட் போர்ட் உள்ள கன்ட்ரோலர் வேண்டும். எஸ்7-1516 போன்றவற்றில் எக்ஸ்1, எக்ஸ்2 என்று இரண்டு தனி வலைகளுக்கு இடம் உண்டு. காம்பாக்ட்லாஜிக்ஸ் 5380-இலும் இரண்டு போர்ட்டுக்கும் வெவ்வேறு முகவரி கொடுக்கும் வசதி இருக்கிறது. உள் பக்கம் தயாரிப்பாளருடையது. அவர் தன் எல்லா இயந்திரத்திலும் .10 என்றே வைத்துக்கொள்ளட்டும். வெளி போர்ட் எங்களுடையது. அந்த முகவரியை ஆலையின் தரைப்படத்தில் இயந்திரம் நிற்கப்போகும் இடத்தை வைத்து நாங்கள் கொடுக்கிறோம். ஒரு தயாரிப்பாளர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒற்றை போர்ட் கன்ட்ரோலர் விலை குறைவு, நேட் பெட்டி தருகிறேன் என்றார். பேசிப் பேசி, விலை வித்தியாசத்தை ஆலை ஏற்பது என்று முடிவானது. ஏற்றுக்கொள்ளும் சோதனைப் பட்டியலில் கூடுதலாக இரண்டு வரி சேர்த்தோம். மெயின் பிரேக்கரை முழுதாக இறக்கி ஏற்றிய பிறகு, எவர் லேப்டாப்பும் இணைக்காமல், எல்லா நெட் விளக்கும் பச்சைக்கு வர வேண்டும். ஒரு டிரைவையும் ஒரு ஐ.ஓ. பிளாக்கையும் எங்கள் ஷிப்ட் எலக்ட்ரீஷியனே ஸ்டோர்ஸ் ஸ்பேரை வைத்து மாற்ற, லைன் ஓட வேண்டும். அந்த இரண்டாவது வரியைத் தயாரிப்பாளரின் இன்ஜினியர் விசித்திரமாகப் பார்த்தார். பிறகு தன் மற்ற இயந்திரங்களுக்கும் அதைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிப் பட்டியலின் நகலை வாங்கிக்கொண்டு போனார்.